நாட்காட்டி அட்டையும் கரும்பலகையும்

சரக்கு நன்றாயிருந்தால் கூவி விற்க வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவ்வெண்ணத்தில் நமக்கு உடன்பாடில்லை. கொள்வார் அறியாத சரக்கு கடையில் இருந்தும் இல்லாததேயாகும். பட்டினப்பாலை பாடிய காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் விற்பனையை அறிவிக்கும் கொடிகளும் பறந்தன. பின்னர்த் தமுக்கு வந்தது. துண்டு விளம்பரம் வந்தது. திரையரங்கில் இடைவேளையின்போது காட்டும் சிலைடு வந்தது. இன்று வாங்குவோரின் கண் கைப்பேசியில் இருக்கிறது. ஆதலின் விற்போரின் கொடியும் அங்கே ஏறியிருக்கிறது. இதில் வியக்கவோ வெறுக்கவோ ஒன்றுமில்லை.

நாம் ஈண்டு ஆராய விழைவது அக்கொடியேற்றத்தின் ஒரு கூறினை மட்டுமே. வரும் வாரத்திற்கோ வரும் மாதத்திற்கோ உரிய விளம்பரப் பதிவுகளை இன்றே எழுதிப் படமும் சேர்த்து, இன்ன நாள் இன்ன மணிக்கு வெளியாகுக என்று சமூக ஊடகங்களில் நேரம் குறித்து வைத்துவிடும் வழக்கம் சிறு வணிகரிடையேயும் பரவி வருகிறது. இதனைக் காலங்குறித்த பதிவு என்று இக்கட்டுரையில் வழங்குவோம். இதனால் நன்மையா தீமையா என்று வினவினால், நன்மையே என்போம். ஆனால் எதனை இவ்வாறு எழுதி வைக்கலாம், எதனை வைக்கலாகாது என்று அறிந்தவர்க்கே அந்நன்மை கிட்டும்.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது முதல் இவ்வூரின் வாணிகம் வண்டியின் மணிக்கணக்கோடு பிணைந்தே வந்துள்ளது எனலாம். மாலையில் அலுவலகம் விட்டு வருவோர் மேற்குத் தாம்பரத்தில் இறங்கிச் சண்முகம் சாலையில் காய்கனியும் பூவும் பலசரக்கும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். அதே மாலை வேளையில்தான் வண்டியில் அமர்ந்தும் நின்றும் அவர்கள் கைப்பேசியைப் புரட்டுகின்றனர். வணிகருக்கு நேர்ந்த இடர்ப்பாடு இதுதான்: மக்கள் படிக்கும் வேளையும், அவர் தராசை விட்டு இமைப்பொழுதும் நகர இயலாத வேளையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. குரோம்பேட்டையில் பல மாடி எழுப்பியிருக்கும் பெருங்கடைகளுக்கு இஃது ஓர் இடரன்று. விளம்பரத்தைக் கவனிக்கத் தனியே ஆள் அமர்த்த அவர்களால் இயலும். தந்தையும் மகனும் மட்டுமே நிற்கும் கடைக்கு அவ்வசதி ஏது? காலைத் தொழுகைக்குப் பின்போ, நண்பகலில் கூட்டம் தணிந்தபோதோ அரைமணி நேரம் அமர்ந்து ஒரு வாரத்திற்குரியதை எழுதி வைத்துவிட்டால், மாலை ஆறரை மணிக்கு அவர் எடை போட்டுக்கொண்டிருக்கையில் அவருடைய சொல் வண்டிக்குள் சென்று சேர்ந்துவிடும். சிறியவனைப் பெரியவனோடு ஒருவாறு சமமாக நிறுத்தும் கருவி இது என்பதில் ஐயமில்லை.

இக்கருவிகளை அயல்நாட்டார் மட்டுமே செய்து அனுப்புகின்றனர் என்று கருதிவிடவும் வேண்டா. தாம்பரத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் கூடுவாஞ்சேரிக்கு அருகே ஜோஹோ நிறுவனத்தின் பெருவளாகம் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் இப்பெயர் பூண்ட அந்நிறுவனம், பதிவுகளை நேரம் குறித்து வெளியிட உதவும் ஜோஹோ சோஷியல் என்னும் மென்பொருளை 2015இல் வெளியிட்டது. பிற நாட்டு வணிகரும் பயன்படுத்தும் கருவிக்குரிய நிறுவனம் நம் சாலையோரத்திலேயே இருப்பதை நம்முள் எத்தனை பேர் அறிவர்? பணம் செலுத்திப் பெற விரும்பாதோர்க்கு முகநூலும் இன்ஸ்டாகிராமும் இவ்வசதியைத் தாமே இலவசமாக அளிக்கின்றன. 2022 நவம்பரில் இன்ஸ்டாகிராம், தொழில்முறைக் கணக்கு வைத்திருப்போர் தம் பதிவுகளை 75 நாள் முன்னதாகவே செயலிக்குள் குறித்து வைக்க வழி செய்தது.

பெரியோர் சிலர் இங்கே ஒரு தடையை எழுப்புவர். தான் உறங்கும்போது தன் குரல் விழித்திருந்து பேசுவது ஏமாற்று ஆகாதா என்பது அவர்தம் வினா. நியாயமான வினாவே. ஆயினும் இதற்குரிய விடை அவரவர் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டிச் சிவகாசி அச்சகத்தார் வரும் ஆண்டிற்குரிய காலண்டர் ஆல்பங்களை வெளியிடுகின்றனர். வணிகர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பணம் கட்டுகின்றனர். புத்தாண்டு பிறக்கையில் தினசரி காலண்டர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அதன்பின் 365 நாளும், கடைக்காரர் வாய் திறவாமலேயே, தாள் கிழிக்க வருவோர் கண்ணில் அவர் பெயர் படுகிறது. காலங்குறித்த பதிவின் தாய் இதுவே. பல மாதம் முன்னரே எழுதி ஓராண்டு முழுவதும் பேசவிட்ட சொல் அது. அதனை ஏமாற்று என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

ஏன் சொல்லவில்லை? அந்த அட்டையை ஒருமுறை உற்று நோக்குங்கள். கடையின் பெயர், இருக்கும் தெரு, தொலைபேசி எண், அங்கே என்னென்ன கிடைக்கும் என்னும் ஒருவரி. அவ்வளவே. துவரம்பருப்பு கிலோ இன்ன விலை என்று எவரேனும் அட்டையில் அச்சிட்டதுண்டா? விலை வேறோர் இடத்தில் இருந்தது. கடை வாசலில் சாய்த்து வைத்த கரும்பலகையில் அது சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டு, நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து மாற்றப்பட்டு வந்தது. மாறாததை அட்டையில் அச்சிட்டனர்; மாறுவதைப் பலகையில் எழுதினர். மிகுந்த படிப்பில்லாத நம் முன்னைய வணிகர் இவ்வேறுபாட்டை ஒருவர் சொல்லித் தராமலே அறிந்திருந்தனர். இன்றைய கைப்பேசி, அட்டையையும் பலகையையும் ஒரே கண்ணாடிக்குள் அடைத்துவிட்டது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

கடை திறக்கும் நேரம், நல்ல புளியைத் தேர்ந்தெடுக்கும் முறை, கைத்தறிச் சேலையைத் துவைக்கும் விதம், மின்விசிறி வாங்குவோர் உத்தரவாதச் சீட்டில் பார்க்க வேண்டுவது, தையற்கடையில் அளவு கொடுக்க வருவோர் கொண்டுவர வேண்டுவது ஆகியன அட்டைச் செய்திகள். முப்பது நாள் முன்னர் எழுதி வைத்தாலும் இவை ஊசிப்போகா. ‘இன்று புதிய மீன் வந்துள்ளது’ என்பது பலகைச் செய்தி. அதனைச் சென்ற வெள்ளியன்றே எழுதி வைத்தவர், மீன் கரை சேருமுன்னரே அதன் புதுமைக்குச் சான்று கூறியவர் ஆகிறார். ‘இன்னும் மூன்றே உள்ளன, விரைக’ என்பது வாரந்தோறும் தானே வெளியாகும்படி ஏற்பாடு செய்வோரும் உண்டு. அதற்குப் பொய் என்பதன்றி வேறு பெயரை நாம் அறியோம். வணிக உத்தி என்று அதனைக் கற்பிப்போர் எத்துணைப் பெரியவராயினும் ஆகுக.

நம் சமுதாயத்தார் உடனே உணரத்தக்க சான்று ஒன்றுண்டு. காலண்டரில் நோன்புப் பெருநாளுக்கு ஒரு தேதி அச்சிடப்பட்டிருக்கும். ஆயினும் ரமலான் 29ஆம் நாள் மாலையில் பிறை தென்பட்டதா என்பது தலைமைக் காஜியால் அறிவிக்கப்பட்ட பின்னரே மறுநாள் பெருநாளா, முப்பதாம் நோன்பா என்பது முடிவாகும். 2025இல் மார்ச் 31 திங்களன்று பெருநாள் கொண்டாடினோம். அது திங்கள்தான் என்பது ஞாயிறு மாலையில்தான் உறுதியாயிற்று. துணிக்கடை உரிமையாளர் ஒருவர் காலண்டரை நம்பி, வாழ்த்தையும் ‘பெருநாளை முன்னிட்டு இன்று விடுமுறை’ என்னும் அறிவிப்பையும் ஒரு மாதம் முன்னரே குறித்து வைத்தார் என்று கொள்வோம். பிறை தென்படாவிடில், ஊரெல்லாம் நோன்பு நோற்றிருக்கும் காலையில் அவர் கடை மட்டும் பெருநாள் வாழ்த்துக் கூறும். அத்துடன், கடைசி நாளில் துணியெடுக்கப் புறப்பட்டவரையும் கடை மூடியிருப்பதாகச் சொல்லி வேறு கடைக்கு அனுப்பிவைக்கும். வாழ்த்தை முன்னரே எழுதலாம். படத்தையும் ஆயத்தம் செய்யலாம். நேரத்தை மட்டும் குறிக்காமல் வரைவாக விட்டுவைத்து, அறிவிப்பு வந்தபின் விரலால் தொட்டு அனுப்புவதே முறை. அரை நிமிட வேலை.

பெரு நிறுவனங்களும் இதில் இடறியுள்ளன. 2013 ஜனவரியில் இங்கிலாந்தின் டெஸ்கோ அங்காடிகளில் விற்ற மாட்டிறைச்சிப் பண்டங்களில் குதிரை இறைச்சி கலந்திருந்தது கண்டறியப்பட்டு நாடே கொதித்தது. அவ்வேளையில் அந்நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில், உறங்கச் செல்கிறோம் என்னும் பொருள்படும் ஆங்கில மரபுத்தொடர் ஒன்று வெளியாயிற்று. அத்தொடரில் குதிரை தின்னும் உலர்புல்லைக் குறிக்கும் சொல் இருந்தமையால், மக்களை எள்ளி நகையாடியதாகவே அது கொள்ளப்பட்டது. செய்தி அறியுமுன்னரே நேரம் குறித்து வைத்த பதிவு அது என்று கூறி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எழுதிய நாளில் அத்தொடரில் குற்றமில்லை. வெளியான நாளில் உலகம் வேறாக இருந்தது.

தாம்பரத்திற்கு இப்பாடம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 1878 முதல் வெளிவரும் தி இந்து ஆங்கில நாளிதழ் அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகரில் உள்ள அச்சகத்திற்குப் பணியாளர் சென்று சேர இயலவில்லை. அச்சு இயந்திரத்திற்கு ஆள் வேண்டும்; ஆள் வர வழி வேண்டும்; வழியில் வெள்ளமெனில் இயந்திரமும் நின்றுவிடும். காலங்குறித்த பதிவுக்கோ அத்தகைய தளை ஏதுமில்லை. அது கடைக்காரரின் கைப்பேசியில் இருப்பதன்று. நெடுந்தொலைவில் உள்ள நிறுவனக் கணினியில் ஏறிக் காத்திருப்பது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கலாம், கைப்பேசி அணைந்திருக்கலாம். குறித்த மணி வந்ததும், ‘மழைக்காலச் சலுகை, குடும்பத்துடன் வருக’ என்று அது வெளியாகியே தீரும். தடுக்க நினைத்தாலும் உரிமையாளருக்கு அன்று தொடர்பு கிட்டாது. 2015இல் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் அற்றுப்போனதை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போதும் புறநகர்த் தெருக்கள் பல வெள்ளத்தில் நின்றன.

ஆகவே வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை விடுத்த அன்றே, அரிசி மூட்டையை மேல்தட்டுக்கு ஏற்றுவதுபோல், வரிசையில் காத்திருக்கும் பதிவுகளையும் நிறுத்திவைக்க வேண்டும். முகநூல் பக்கத்திற்கு இரண்டாவது பொறுப்பாளர் ஒருவரைச் சேர்க்கவும் இயலும். அவர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பின் நலம்; இங்கே தொடர்பு அற்றாலும் அங்கிருந்து நிறுத்திவிடுவார். கடவுச்சொல்லையே பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது வேறு, அது வேண்டா.

இன்னொன்று. பதிவு பேசும், கேட்ட வினாவுக்கு விடை கூறாது. ‘இது சிறுவர் அளவில் கிடைக்குமா?’ என்று எழுதியவர் இரண்டு நாள் காத்திருந்தால், அப்பதிவு இல்லாமலே இருந்திருக்கலாம். 2018இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், கடை மூடிய பின்னர் வரும் வினாவுக்கு ‘நாளை பத்து மணிக்கு விடை தருகிறோம்’ என்று தானே சொல்லும் ஏற்பாடு உண்டு. அதனை நாம் குறை கூறோம், மறுநாள் பத்து மணிக்கு விடை செல்லுமாயின்.

இனி, தமிழ்த்துறை மலரில் இதனை எழுதுவதற்குரிய காரணத்திற்கு வருவோம். இன்று கடைகளின் பெயரால் வெளியாகும் பதிவுகளில் பெரும்பகுதி வெற்று வாழ்த்து. உலகத் தேநீர் நாள் முதல் புன்னகை நாள் வரை எதனையும் விடுவதில்லை. (வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்னும் பழைய வழக்கை இங்கே நாம் தொடங்க விரும்பவில்லை.) எஞ்சியவற்றுள் பல இயந்திரம் மொழிபெயர்த்த தமிழில் இருக்கின்றன, எழுவாய் ஒருபுறம், பயனிலை ஒருபுறம். நான்கு வரியில் ஒரு பண்டத்தின் தன்மையை ஐயமறச் சொல்லும் தமிழ் எளிதில் கைவருவதன்று. தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று உறவினர் வினவ, விடையின்றி நிற்கும் நம் மாணவச் செல்வங்களுக்கு இதில் ஓர் இடம் இருக்கிறது. எது அட்டை, எது பலகை என்று பிரித்தறிந்து எழுதவும், எழுதியதை நாள்தோறும் காலையில் ஒருமுறை கண்டு, வேண்டாததை நிறுத்தவும் சிறு வணிகருக்கு ஒருவர் தேவை.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து மின்தொடர் வண்டியில் வந்து பயிலும் மாணவர் நம்மிடம் உளர். இறுதியாண்டு மாணவருள் விரும்புவோர் இருவர் இருவராகச் சேர்ந்து தத்தம் ஊரில் ஒரு கடையை ஏற்கும்படி துறை இவ்வாண்டே ஏற்பாடு செய்யலாம். எழுதத் தொடங்குமுன் ஒரு முழுநாள் அவர்கள் அக்கடையில் நிற்க வேண்டும். எது எப்போது தீர்கிறது, எவர் என்ன கேட்கிறார் என்பது அங்கேதான் தெரியும். மாத ஊதியத்தை முன்னரே பேசிவிடுவது நன்று. அனுபவத்திற்காக இலவசமாக எழுதித் தருக என்று கேட்கும் கடைக்கு மாணவரை அனுப்ப வேண்டா.