பேரே இல்லாத பழைய மர லேத்: அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி மரையை எண்ணுங்க!

"திருவொற்றியூர் பக்கம் ஒரு காயலான் கடையில மரம் கடையற லேத் கிடக்கு. எந்த கம்பெனின்னே தெரியல. 25,000 சொல்றாங்க. சைடு இன்கமுக்கு வாங்கிப் போடலாமா?" இப்படி ஒருத்தர் கேட்டா, என் பதில் இதுதான்: பேர் தெரியாதது பிரச்சினை இல்ல. அளவு தெரியாம வாங்கறதுதான் பிரச்சினை.

இந்த ஏரியாவுல அப்படி ஒரு மெஷின் கிடைக்கறதுல ஆச்சரியமும் இல்ல. 1948ல தொடங்கி பின்னாடி அசோக் லேலண்டா மாறின அசோக் மோட்டார்ஸ், 1955ல வந்த என்ஃபீல்டு இந்தியான்னு பெரிய ஆலைகளும், அதைச் சுத்தி சின்னப் பட்டறைகளும் வளர்ந்த பெல்ட் இது. இரும்பை வார்க்கணும்னா முதல்ல மரத்துல பேட்டர்ன் செய்யணும். உருண்டையான பேட்டர்னை லேத்துலதான் கடைவாங்க. பட்டறை மூடினா மெஷின் எடைக்குப் போயிடும். பெயர்த்தகடு எப்பவோ கழண்டு போயிருக்கும், மேல நாலு கோட் பெயின்ட் வேற.

கடைக்குப் போறப்போ ஒரு ஸ்டீல் ஸ்கேலும் வெர்னியரும் எடுத்துட்டுப் போங்க. முதல்ல பார்க்க வேண்டியது ஸ்பிண்டில் மூக்குல இருக்கற மரை. சக், பேஸ்பிளேட் எல்லாம் அதுலதான் ஏறும். இப்போ புதுசா விக்கற சக்குகள்ல அதிகம் பார்க்கறது இன்ச்சுக்கு 8 மரை இருக்கற 1 இன்ச், 1¼ இன்ச், அப்புறம் எம்33 x 3.5. விட்டத்தை மட்டும் நம்பாதீங்க. 1¼ இன்ச்னா 31.75 மி.மீ., தேய்ஞ்சு போன எம்33-ம் கிட்டத்தட்ட அப்படித்தான் காட்டும். நீளம் இருந்தா பத்து மரையை அளங்க: இன்ச்சுக்கு 8-ன்னா 31.75 மி.மீ. வரும், மெட்ரிக்னா 35. பழைய இங்கிலாந்து மெஷின் மைஃபோர்டு எம்.எல்.8-ம் 1 இன்ச்தான், ஆனா இன்ச்சுக்கு 12 மரை. அதுல 8 மரை சக் ஏறாது. ரெண்டு சுத்து ஏறிடுச்சேன்னு சுத்தியலால அடிச்சு ஏத்தற ஆளுங்க இருக்காங்க. ஓடறப்போ அது கழண்டு வந்தா முகத்துக்கு நேராதான் வரும்.

அடுத்து டெயில்ஸ்டாக் வாய். உள்விட்டம் சுமார் 12 மி.மீ.ன்னா மோர்ஸ் டேப்பர் 1, 17.8-ன்னா 2, 23.8-ன்னா 3. இரும்பு லேத்துக்கும் இதே டேப்பர்தான், அதனால சென்டர், ஸ்லீவ் எல்லாம் லிங்கிச் செட்டித் தெருவுல கேட்டாலே போதும். பேரிங்கும் அப்படித்தான். 6205-ன்னு நம்பர் இருந்தா யார் தயாரிச்சாலும் உள்ளே 25, வெளியே 52, அகலம் 15. பெல்ட்டுக்கு முதுகுல இருக்கற நம்பர் போதும்.

டூல் ரெஸ்ட் இல்லையா? கவலை வேண்டாம், ராயபுரத்துல எந்த வெல்டிங் பட்டறையும் செஞ்சு கொடுக்கும். டெயில்ஸ்டாக்கே இல்லன்னா கதை வேற. ஸ்பிண்டிலோட சென்டருக்கு நேரா இன்னொண்ணு செய்யறதுக்கு லேத் விலையே ஆகிடலாம். என் கருத்து: அப்படி இருந்தா எடை விலைக்கு மேல ஒரு ரூபா தராதீங்க. மோட்டார் த்ரீ ஃபேஸ்னா, வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைனுக்கு மாத்தற செலவையும் சேருங்க.

இப்போ நம்ம சப்ஜெக்ட். விலைன்னா 25,000 மட்டும் இல்ல. சக், மோட்டார், குட்டி யானை வாடகை எல்லாம் சேர்ந்ததுதான். இதெல்லாம் கூட்டினா எவ்வளவுன்னு எழுதுங்க. பக்கத்துல, நாளைக்கே எடைக்குப் போட்டா என்ன வரும்னு எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தொகையைத்தான் நீங்க உண்மையில பணயம் வைக்கறீங்க. அது ஒரு மாச சம்பளத்தைத் தாண்டினாலோ, இ.எம்.ஐ. போட வேண்டி வந்தாலோ, நான் வேண்டாம்னுதான் சொல்வேன். இன்னும் ஒரு பொருள்கூட விக்காத சைடு இன்கமை நம்பி கடன் வாங்கறது சரியில்ல.

மரை வித்தியாசமா இருந்தா அதையே சொல்லி பேரம் பேசலாம், ஏன்னா அடுத்து வர்றவருக்கும் அதே தலைவலிதான். இரும்பு லேத் ஓட்டறவர்கிட்ட ஸ்பிண்டில் அளவைக் கொடுத்தா அடாப்டர் கடைஞ்சு தருவார். என்ன, சக் கொஞ்சம் வெளியே தள்ளி நிக்கும், பெரிய கட்டை போட்டா ஆடும். மத்து, சொப்பு, சின்னக் கிண்ணம் செய்யறதுக்கு அது போதும்.