எண்ணும் எழுத்தும் மாணவர் வாழ்வும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. தமிழ் பயிற்றும் நாமோ எழுத்தாகிய கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணாகிய கண்ணை அலுவலகத்தாரிடம் ஒப்படைத்துவிட்டோம். ஒவ்வோர் ஆண்டும் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களைச் சிவப்பு மையால் கோடிட்டு நீக்குகிறோம். நீக்கப்பட்டவர் ஏன் சென்றார், எங்குச் சென்றார் என்று அப்பதிவேடு சொல்வதில்லை. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. இக்குறையை உணர்ந்தபோதுதான் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் பட்டறிவு என் கருத்தை ஈர்த்தது.

இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு 6 மாணவர்களுடன் தொடங்கியது அத்தகைய கல்லூரிகளுள் மூத்தது. ஈராண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், எவர்க்கும் திறந்த வாயில் என்பன இவற்றின் இலக்கணம். உழைத்துக்கொண்டே படிப்போரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்போரும் இங்கு மிகுதி. நுழைவோர் பலர், முடிப்போர் சிலர் என்பதே இவற்றின் நெடுநாள் நோய். நீண்ட காலம் இவை சேர்ந்தோர் தலையை மட்டுமே எண்ணின. 2004இல் 'அச்சீவிங் த டிரீம்' என்னும் இயக்கம் தொடங்கிய பின்னரே, எத்தனை பேர் முடித்தனர், எப்பருவத்தில் இடைநின்றனர் என்று எண்ணும் வழக்கம் பரவலாயிற்று.

எண்ணத் தொடங்கியதும் உண்மைகள் வெளிப்பட்டன. நுழைவின்போது கணிப்பொறி வழி நடத்திய தகுதித் தேர்வில் பின்தங்கியோரை அடிப்படை வகுப்புகளில் அமர்த்தி வந்தனர். பலர் அவ்வகுப்புகளிலேயே பருவங்களைக் கழித்து, பட்டப் பாடத்தைத் தொடாமலே விலகினர். ஆராய்ந்தபோது, ஒரு நாள் தேர்வைவிடப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பெற்ற மதிப்பெண்களே மாணவரின் வெற்றியை நன்கு முன்னறிவித்தன. கலிபோர்னியா 2017இல் சட்டமியற்றி அம்முறையை மாற்றியது. குறை மாணவரிடத்து இல்லை, வாயிலில் உள்ளது என்று எண்கள் உரைத்தன.

அம்மாநிலமே 2013இல் 'சாலரி சர்ஃபர்' என்னும் கணிப்பொறிச் சேவையைத் திறந்தது. முதலாளிகள் அரசுக்கு அளிக்கும் ஊதியப் பதிவேடுகளோடு மாணவர் பதிவுகளை இணைத்து, ஒரு படிப்பை முடித்தோர் இரண்டாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் ஈட்டும் ஊதியத்தை அது தொகுத்துக் காட்டியது. ஊதியம் ஒன்றே கல்வியின் உரைகல்லா என்று இலக்கிய ஆசிரியர் வினவலாம். அன்று என்பதே என் விடையும். சொந்தத் தொழில் செய்வோர் அப்பதிவேட்டில் இடம்பெறார். மனநிறைவுக்கு அதில் பத்தியே இல்லை. ஆயினும், பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் மகளைப் படிக்க வைக்கும் தாய், இப்படிப்பு எங்குக் கொண்டு சேர்க்கும் என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு?

எண் நோயைக் காட்டும், மருந்தாகாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் 'அசாப்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பயணச் சீட்டு, பாடநூல் உதவி, கட்டணக் குறையை ஈடுசெய்தல், அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் என்பன அதன் கூறுகள். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்ததில், மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் திட்டத்தில் 40 விழுக்காடு. வெளியே 22 விழுக்காடு. பேருந்துக் கட்டணமும் ஓர் ஆசிரியரின் அக்கறையும் அறிவாற்றலுக்கு இணையாக நின்று பட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

அதே எண் தீயோர் கையில் வாளாகவும் மாறும். மேரிலாந்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், நிலைக்கமாட்டார் எனத் தோன்றும் புதிய மாணவரைக் கருத்தாய்வின் வழிக் கண்டறிந்து தொடக்கத்திலேயே வெளியேற்றும் திட்டம் அம்பலமாகி, அதன் தலைவர் 2016இல் பதவி விலக நேர்ந்தது. தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த எளிய வழி, தேறாதவரை முன்னரே நீக்கிவிடுதல்! இந்நாட்டிலும் இவ்வாசை அறியப்படாத ஒன்றன்று. ஆகவே, எண்கள் கல்லூரியைக் கேள்வி கேட்கவே பயன்பட வேண்டும். மாணவரைக் கழித்துக்கட்டப் பயன்படலாகாது.

சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் 1996இல் சென்னையிலும் வேரூன்றியது. பெயரைப் பெற்றுக்கொண்ட நாம் அந்தப் பழக்கத்தையும் பெறுவோமாக. பெருஞ்செலவு வேண்டா. துறைக்கு ஒரு கணிப்பொறி போதும். மூன்று நாள் தொடர்ந்து வராதவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, நின்றவரின் காரணம் குறிக்க ஒரு பத்தி, பட்டம் பெற்றவரை ஆண்டுதோறும் நலம் உசாவும் ஒரு மடல் போதும். எண்ணைத் திரட்டுவது கணிப்பொறியின் வேலை; அந்த எண்ணுக்குப் பின்னே நிற்கும் முகத்தை நினைவில் வைப்பது ஆசிரியரின் வேலை. சிவப்பு மையை எடுக்குமுன் ஒரு முறை கேட்போம்: "நீ ஏன் வரவில்லை, மகனே?"