துடிப்பு நம்முடையது, கணக்கு யாருடையது?

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வேட்டியை மடித்துக் கட்டிய ஓய்வு பெற்ற அதிகாரிகள், டெக்னோபார்க் இளைஞர்கள். பலரது மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை. எத்தனை அடி நடந்தார், இதயம் எத்தனை முறை துடித்தது, இரவில் எத்தனை மணி தூங்கினார் என்று வீட்டாருக்கே தெரியாததையெல்லாம் அது குறித்துவைக்கிறது. குறித்துவைத்தது யாருடைய சொத்து?

ஃபிட்பிட் பட்டை அணிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வாசலுக்கே வந்துவிட்டது. 2007இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. அதை 210 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2019இல் கூகுள் அறிவித்தது. 2021 ஜனவரியில் நிறுவனம் கைமாறியது. 2023லிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குக் கூகுள் கணக்கு கட்டாயம். பழைய வாடிக்கையாளர்களுக்கு 2025 வரை கெடு, பிறகு அது 2026க்குத் தள்ளிப்போனது. மாற மறுத்தால் கணக்கோடு பல வருடத்துப் பதிவுகளும் போகும். வீட்டை விலைக்கு வாங்கியவர் குடியிருப்பவரிடம், 'புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் சாமானெல்லாம் தெருவில்' என்று சொல்வதைப் போல. வீடு அவருடையதாக இருக்கலாம், சாமான் குடியிருப்பவருடையதாயிற்றே!

இந்தத் தகவல்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்கிறது கூகுள். ஐரோப்பிய ஆணையம் வாய்வார்த்தையை நம்பவில்லை. 10 ஆண்டுகளுக்கு எழுதி வாங்கிக்கொண்டுதான் 2020 டிசம்பரில் விற்பனைக்குச் சம்மதித்தது. அந்த ஒப்பந்தம் ஐரோப்பியர்களுக்கு மட்டும். மியூசியம் வளாகத்தில் நடப்பவருக்கு நிறுவனத்தின் வாக்குதான் துணை.

இத்தனைக்கும் இந்த நகரம் இப்படியொரு சண்டையை ஏற்கனவே பார்த்திருக்கிறது. 2020 ஏப்ரல், கொரோனா நேரம். வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள், முதியவர்கள் ஆகியோரின் உடல்நல விவரங்களை வார்டு ஊழியர்கள் வீடு வீடாகச் சேகரித்தார்கள். அவை போய்ச் சேர்ந்த இடம் ஸ்ப்ரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கம்ப்யூட்டர். அதை நிறுவியவர் ஒரு மலையாளி. சேவை இலவசம்தான், ஆனால் வழக்கென்று வந்தால் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றது ஒப்பந்தம். சட்டத் துறையைக் கேட்காமலே தகவல் தொழில்நுட்பத் துறை அதை முடித்திருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா பிரச்னையைக் கிளப்ப, விவகாரம் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

ஏப்ரல் 24ஆம் தேதி வந்த இடைக்கால உத்தரவு இன்றும் படிக்கத் தகுந்தது. பெயரும் அடையாளமும் நீக்கிய பிறகே நிறுவனம் தகவல்களைத் தொடலாம்; வெளியார் பார்ப்பார்கள் என்று மக்களிடம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும்; ஒப்பந்தம் முடிந்ததும் தகவல்கள் திரும்பி வர வேண்டும். மே மாதம் அரசு பின்வாங்கியது. திருவனந்தபுரத்தில் உள்ள அரசு அமைப்பான சி-டிட் பொறுப்பேற்றது.

அங்கே எதிரில் நின்றது அரசு. எனவே கோர்ட்டுக்கு இழுக்க முடிந்தது. பட்டைக்காரர் யாரை இழுப்பார்? 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தன் தகவல்களைப் பற்றிக் கேட்கவும் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. 2019 மசோதாவில் இன்னொன்றும் இருந்தது: தகவல்களை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை. சட்டமானபோது அது காணாமல் போயிருந்தது. பட்டை அணிந்தவருக்கு மிகவும் தேவைப்பட்டது அதுதான். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம்.

பழைய பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ள ஃபிட்பிட்டிலேயே வசதி உண்டு. 'சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானைத் தேட வேண்டியதில்லை, முன்னாலேயே நிற்கும். தரவிறக்கும் வசதியைத்தான் தேட வேண்டும்.