ஜலதோஷ மாத்திரை

"பழவேற்காட்டிலா வாழ்க்கைப்பட்டிருக்கே? அப்போ மீனுக்குப் பஞ்சமே இருக்காதே!" என்பார்கள். ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு, சகோதரிகளே. இன்று இந்த இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊரே முறை வைத்திருக்கும். நம் முறை வராத நாளில் அடுப்பு எப்படி எரியும் என்று யார் கேட்கிறார்கள்? கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடினால் அது ஒரு தொல்லை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்கும் போகக்கூடாது.

அதனால்தான் எங்கள் வீட்டுக்காரர் பொன்னேரிக்குப் போய் வண்டி பழகினார். லைசென்ஸ் வந்த அன்று வீட்டில் பாயசம். மறுநாளிலிருந்து, போன இடமெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்ற ஒரே கேள்விதான்! வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்?

"காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகத்துல டிரெய்லர் ஓட்டினா நல்ல காசு" என்று ஆசைப்பட்டார். அதற்கு ஹெவி லைசென்ஸ் வேண்டும். லைட் லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆன பிறகுதான் அதற்குப் பழகவே விடுவார்கள். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டது மட்டும் எங்களுக்கு ஆறுதல். சரக்கு ஏற்றி கன்டெய்னர் வரிசையில் நின்றால் எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாதாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எனக்கு அது சரிப்படவில்லை.

எடையும் சரக்குமாக 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு லைட் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த தைரியத்தில் ஊர் மீன் வண்டியில் சேர்ந்தார். முதலில் கிளீனர், சில மாதம் கழித்து டிரைவர். ராத்திரி இரண்டு மணிக்கு இறாலும் நண்டும் ஐஸும் ஏற்றிச் சென்னைக்குப் போனால், மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருப்பார்.

இனி சொல்வது என் தப்பு. ஒரு நாள் அவருக்கு மூக்கு ஒழுகியது. கைவைத்தியம் செய்திருக்கலாம். அலமாரியில் இருந்த ஜலதோஷ மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். மீஞ்சூர் தாண்டியதும் கண் சொருகி, வண்டி சாலையோர மணலில் இறங்கிவிட்டது. மணலாக இருந்தது! பள்ளமாக இருந்திருந்தால்? பல ஜலதோஷ மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்று பிறகு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. "டிரைவர் என்று சொல்லி வாங்குங்கள்" என்றார். அன்று ராத்திரி நான் கண்ணை மூடவில்லை.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டமே வேறு. சாப்பிட்டதும் ஜன்னலில் போர்வை கட்டி அவரைத் தூங்க வைக்கிறேன். குழந்தை அத்தையிடம். கதவைத் தட்டுகிறவர்களை அத்தை பார்க்கும் பார்வையே போதும்! புறப்படும்போது வயிறு நிறையச் சோறு போடுவதில்லை, கஞ்சியும் மோரும்தான். தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்ப வேண்டும். வழியில் இறங்க வேண்டுமே என்று இவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, பாருங்கள்!

"திரும்பி வந்ததும் இன்னொரு நடை போ" என்று முதலாளி கேட்டபோது அத்தையே போய்ப் பேசினார். டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் என்று 1961-லேயே சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அத்தை சட்டமெல்லாம் பேசவில்லை. "எம் பேரப்புள்ளைக்கு அப்பன் வேணும்பா" என்றாராம். இரண்டாவது நடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

வருகிற மாதத்தோடு லைசென்ஸுக்கு ஓராண்டு முடிகிறது. "ஹெவிக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கணும் புள்ள" என்று நேற்று மெதுவாக ஆரம்பித்தார்.

"முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க. டிரெய்லர் பேச்சை அப்புறம் பேசலாம்" என்றிருக்கிறேன்.