நதிக்கரை மனைகளை விற்கலாகாது

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ஈஸ்ட் ரிவர் கரையை ஒட்டிய 44ஆம் டிரைவ் தெருமுனையில் நகராட்சிக்குச் சொந்தமான மனைகள் உள்ளன. அமேசான் நிறுவனத்தின் இரண்டாவது தலைமையகத்துக்கு உரிய இடங்களில் ஒன்றாக 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இம்மனைகள், உள்ளூர் எதிர்ப்பு வலுத்ததால் அந்நிறுவனம் 2019 பிப்ரவரியில் விலகிக்கொண்டதும் மீண்டும் பொது விவாதத்துக்கு வந்தன. சுற்றியுள்ள லாங் ஐலண்ட் சிட்டியில் ஏறத்தாழ 14,700 புதிய வீடுகளுக்கு இடமளிக்கும் வகையில் மண்டல விதிகளை, அதாவது எந்த நிலத்தில் எதை எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வரையறுக்கும் நகரச் சட்டங்களை, மாற்றும் திட்டமும் வகுக்கப்பட்டுள்ள நிலையில், பொதுநிலத்தில் யார் குடியிருப்பது, எந்த நிபந்தனையின் பேரில் என்ற கேள்வி அவசரமாகிவிட்டது. இந்த நிலத்தை விற்கக் கூடாது. நிலவுரிமையை நகராட்சியே என்றென்றும் வைத்துக்கொண்டு, உழைத்துச் சம்பளம் வாங்கும் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளை இதே கரையில் கட்ட வேண்டும். அது முடியும் என்பதற்குச் சான்று அதே கரையில் சற்றுத் தெற்கே நிற்கிறது. நிலம் கைவிட்டுப் போனால் என்னவாகும் என்பதற்கான சான்று எதிர்க்கரையில் இருக்கிறது.

தெற்கே இருப்பது ஹன்டர்ஸ் பாயிண்ட் சவுத். தொழிற்கூடங்களும் சரக்கு ரயில் தண்டவாளங்களும் நிறைந்திருந்த இந்த வட்டாரத்தில், 2012 ஒலிம்பிக் போட்டியை நடத்தும் வாய்ப்புக் கிடைத்தால் விளையாட்டு வீரர்களுக்கான குடியிருப்பைக் கட்டுவது என்று நியூயார்க் எண்ணியிருந்தது. 2005 ஜூலையில் அந்த வாய்ப்பு லண்டனுக்குப் போய்விட்டது. மறு ஆண்டே மேயர் மைக்கேல் புளூம்பெர்க், ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்புள்ள அந்த நிலத்தை நகராட்சி வாங்கி 5,000 வீடுகளுக்கு வழிசெய்யும் என்றும், அவற்றில் 60 விழுக்காடு நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். 2008 நவம்பரில் நகர மன்றம் அதற்கு ஒப்புதல் வழங்கியது. சாலை, கழிவுநீர்க் குழாய், கரையோரப் பூங்கா ஆகியவற்றின் பொறுப்பை நகராட்சியே ஏற்றது. 2013இல் பூங்காவின் முதற்பகுதியும் ஒரு பள்ளியும் திறக்கப்பட்டன. 2015இல் முதல் கட்டத்தின் 925 வீடுகளில் குடியேற்றம் தொடங்கியது. ஒன்றுகூட விலக்கில்லாமல் அத்தனை வீடுகளும் நிரந்தர வாடகை வரம்புக்கு உட்பட்டவை. குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்ட அந்த வீடுகளுக்கு 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, அதாவது ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ நூறு குடும்பங்கள். எதிர்க்கரையில் ஐ.நா. தலைமையகம் கண்ணெதிரே தெரியும் இந்த இடத்தைச் சந்தையின் போக்கில் விட்டிருந்தால், அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் இந்தக் கரையோரத்துக்குப் பூங்காவுக்கு வந்து போகிறவர்களாக மட்டுமே இருந்திருப்பார்கள்.

ஆயினும் இத்திட்டத்தின் ஒரு குறையை மூடி மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் கட்டுப்படியாகும் வீடு என்பது, ஒரு குடும்பம் தன் வருவாயில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குச் செலவிட வேண்டியிராத வீடு. எந்தக் குடும்பத்தின் வருவாய் என்பதை முடிவு செய்ய, வட்டார இடைநிலை வருவாய் என்ற அளவுகோலை மத்திய வீட்டுவசதித் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஒரு வட்டாரத்தின் குடும்பங்களை வருவாய் வரிசையில் நிறுத்தினால் சரிநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருவாயை அடிப்படையாகக் கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்பதற்கேற்ப அது கணக்கிடப்படுகிறது. நியூயார்க்கைப் பொறுத்தவரை, அந்த வட்டாரத்துக்குள் நகரத்தோடு வசதிமிக்க சில புறநகர் மாவட்டங்களும் அடங்குவதால், நடு என்று காட்டப்படும் தொகை நகரத்தின் பல தெருக்களில் நடுவாக இருப்பதில்லை. குவீன்ஸ் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருவாய் 50 ஆயிரம் டாலர் அளவில் இருந்த 2006இல், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 60 ஆயிரம் முதல் 1,45,000 டாலர் வரை என்று நடுத்தர வருவாய்க்கு வரம்பு அறிவிக்கப்பட்டது. இதன்படி, அதே பகுதியில் வாழ்ந்த குடும்பங்களில் பாதிக்கும் மேல் நடுத்தரத்துக்குக் கீழே தள்ளப்பட்டன. முதல் கட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் குறைந்த வருவாயினருக்குத் தரப்பட்டன என்பது உண்மை. ஆனால் வரிசையின் மறுமுனையில், மூன்று படுக்கையறை வீடுகளுக்கு மாதம் 4,000 டாலருக்கு மேல் வாடகை வைக்கப்பட்டு, ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டும் பெரிய குடும்பங்களும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. அப்படிப்பட்ட குடும்பத்துக்கும் நியூயார்க்கில் வாடகை சுமைதான் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பேருந்து ஓட்டுநரும் மருத்துவமனைச் செவிலியரும் சேர்ந்து நடத்தும் குடும்பத்துக்கு அதே வாடகையில் என்ன மிஞ்சும் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. வரம்புகளை வகுக்கும்போது வட்டாரத்தின் கணக்கை விட்டுவிட்டு, குவீன்ஸ் மக்களின் சம்பளத்தை அடிப்படையாகக் கொள்வதை எந்தச் சட்டமாவது தடுக்கும் என்றால், அந்தச் சட்டத்தைத்தான் திருத்த வேண்டும்.

வரம்பைக் காலப்போக்கில் திருத்திக்கொள்ளலாம். விற்ற நிலத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு, மன்ஹாட்டனின் கிழக்குக் கரையில் உள்ள ஸ்டைவசன்ட் டவுனும் அதன் இணையான பீட்டர் கூப்பர் வில்லேஜும் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாட்சி சொல்கின்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் குடும்பங்களுக்கென, அங்கு வசித்த ஆயிரக்கணக்கானோரை நகராட்சி தன் நிலக் கையகப்படுத்தும் அதிகாரத்தால் வெளியேற்றிக் கொடுத்த இடத்தில், மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனம் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1947இல் குடியேற்றம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு மறுக்கப்பட்டது, பொதுப்பணத்தின் துணையோடு எழுந்த குடியிருப்பில் நடந்த அந்த அநீதியைச் சொல்லாமல் அதன் கதையைச் சொல்ல முடியாது. வாடகையைக் கட்டுக்குள் வைப்பதற்கு ஈடாக நிறுவனம் பெற்றது 25 ஆண்டு வரிச்சலுகை. நிலமோ நிறுவனத்துக்கே உரியது. பின்னாளில் மாநிலத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் காத்துநின்றதால் ஆசிரியர்களும் தீயணைப்பு வீரர்களும் அலுவலக ஊழியர்களும் அங்கே தலைமுறைகளாக வாழ முடிந்தது. அந்தச் சட்டங்கள் தளர்ந்ததும் 2006இல் மெட்லைஃப் மொத்தக் குடியிருப்பையும் டிஷ்மன் ஸ்பெயர், பிளாக்ராக் நிறுவனங்களுக்கு 540 கோடி டாலருக்கு விற்றது. இவ்வளவு விலை கொடுத்தவர்கள் அதை எப்படி மீட்பார்கள் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை: பழைய வாடகைதாரர்கள் வெளியேற, வெளியேற, வீடுகள் சந்தை வாடகைக்கு மாற்றப்படும் என்பதே கணக்கு. வரிச்சலுகை பெற்றுக்கொண்டே ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது சட்டவிரோதம் என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. 2010இல் புதிய உரிமையாளர்கள் கடனைக் கட்ட முடியாமல் கைவிட்டனர். அதன்பின் 2015இல் பிளாக்ஸ்டோன் தலைமையிலான கூட்டு ஏறத்தாழ 530 கோடி டாலருக்கு வாங்கியபோது, நகராட்சி தன் பங்குக்குப் பணமும் சலுகையும் தந்து, 5,000 வீடுகளின் வாடகையை இருபது ஆண்டுகளுக்கு வரையறுக்கும் வாக்குறுதியைப் பெற்றது. பாதிக்கும் குறைவான வீடுகளுக்கு, ஒரு குழந்தை வளர்ந்து பெரியவனாகும் காலத்துக்கு மட்டும், நகரம் இரண்டாம் முறையாக விலை கொடுத்திருக்கிறது.

ஸ்டைவசன்ட் டவுனுக்கு வடக்கே சிறிது தூரத்தில், ஆற்று நீருக்குள் ஊன்றிய தூண்களின்மேல் நிற்கும் வாட்டர்சைட் பிளாசாவின் அனுபவம் வேறு. 1955இல் இயற்றப்பட்ட மிட்செல்-லாமா சட்டம், குறைந்த வட்டிக் கடனும் வரிச்சலுகையும் பெறும் கட்டுநர்கள் லாபத்தையும் வாடகையையும் வரம்புக்குள் வைக்க வேண்டும் என்று விதித்தது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நடுத்தர வருவாய் வீடுகளை உருவாக்கிய அந்தச் சட்டத்தின் பெரும் பலவீனம், கடனைத் தீர்த்துவிட்டால் இருபது ஆண்டுகளுக்குப் பின் உரிமையாளர் திட்டத்தை விட்டு வெளியேறலாம் என்ற பிரிவு. 1974இல் திறக்கப்பட்ட வாட்டர்சைட்டும் 2001இல் அப்படித்தான் வெளியேறியது. ஆனால் அதன் அடியில் இருக்கும் இடம் நகராட்சிக்குச் சொந்தம். கட்டடக்காரர் வைத்திருப்பது குத்தகை மட்டுமே. குத்தகையை நீட்டிக்க வேண்டிய தேவை உரிமையாளருக்கு வந்தபோது நகராட்சி பேரம் பேசும் நிலையில் இருந்தது. அந்தப் பேச்சின் பயனாக, நீண்டகாலமாக அங்கே வாழும் முந்நூறுக்கும் மேற்பட்ட வீட்டாருக்கு வாடகைப் பாதுகாப்புக் கிடைத்தது. 1,470 வீடுகள் கொண்ட குடியிருப்பில் இது பெரிய எண்ணிக்கை அன்று. எனினும் பேசுவதற்கு ஒரு கையிருப்பு இருந்தது, அந்தக் கையிருப்பு நிலம். தொடக்கக் குத்தகையிலேயே வாடகை வரம்பு எழுதப்பட்டிருந்தால் 1,470 வீடுகளும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

கரையோர நிலத்தைச் சந்தை விலைக்கு விட்டு, அந்தப் பணத்தில் மலிவான இடத்தில் கூடுதலாக வீடு கட்டலாமே என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம், அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரே தொகையில் உள்பகுதியில் கூடுதல் குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும் என்பது எண்கணக்கில் சரியே. ஆனால் அந்த வாதம் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. உலக வர்த்தக மையத்துக்கு அடித்தளம் தோண்டிய மண்ணையும் கொண்டு ஹட்சன் ஆற்றங்கரையைத் தூர்த்து உருவாக்கப்பட்ட 92 ஏக்கர் பேட்டரி பார்க் சிட்டிக்கு 1969இல் வகுத்த திட்டம், குறைந்த, நடுத்தர, உயர் வருவாயினருக்குத் தலா மூன்றில் ஒரு பங்காக வீடுகளைப் பிரித்தது. 1975இல் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்ததை ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பங்கீடு கைவிடப்பட்டு, பின்னர் கரையில் வசதி படைத்தோர் வாழட்டும், அங்கே கிடைக்கும் உபரியில் ஹார்லெமிலும் பிராங்க்ஸிலும் வீடுகள் எழட்டும் என்ற ஏற்பாடு வந்தது. சில வீடுகள் எழுந்தன. ஆனால் உபரியில் பெரும்பங்கு ஆண்டுக்கு ஆண்டு நகராட்சியின் பொது வரவில் கலந்து, எதற்குச் செலவானது என்று பிரித்தறிய முடியாதபடி ஆனது. பணம் பெறுகிற அரசு மாறும், அதன் நெருக்கடிகள் மாறும், வாக்குறுதி தந்தவர் பதவியில் இருக்க மாட்டார். கரையில் எழுந்த வீடு அப்படி இடம் மாறிப்போவதில்லை. மேலும், பூங்காவும் நல்ல பள்ளியும் படகுப் போக்குவரத்தும் உள்ள கரையை வசதியுள்ளோருக்கு ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு வேறிடத்தில் கூரை தருவது, நகரத்தை வருவாய்வாரியாகப் பிரித்துக் குடியமர்த்துவதாகும். பொதுநிலத்தைக் கொண்டு அதைச் செய்வதற்கு எந்த நகராட்சிக்கும் தார்மிக உரிமை இல்லை.

காப்பகங்களில் பல்லாயிரம் பேர் இரவைக் கழிக்கும் நகரத்தில் நடுத்தரத்தாருக்கு ஏன் பொதுநிலம் என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. அவர்களுக்குச் சொல்லத்தக்க பதில் பங்கீட்டில்தான் இருக்கிறது: ஐந்தில் ஒரு பங்கு போதாது, மூன்றில் ஒரு பங்காவது மிகக் குறைந்த வருவாயினருக்குத் தரப்பட வேண்டும். சற்றுக் கூடுதல் வாடகை செலுத்தக்கூடிய சம்பளக்காரர்கள் அதே கட்டடத்தில் வாழ்வது, பராமரிப்புச் செலவுக்கு நிலையான வரவைத் தருகிறது. மத்திய அரசின் நிதி வெட்டுகளால் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகள் கூரை ஒழுகியும் மின்தூக்கி பழுதாகியும் நிற்பதைப் பார்க்கும்போது, இந்த வரவின் அருமை விளங்கும்.

வெள்ள அபாயம் பற்றிய கேள்வி இவற்றைவிடக் கடினமானது. ஈஸ்ட் ரிவர் பெயரளவில்தான் ஆறு. கடலோடு இணைந்து, ஓதத்தோடு ஏறி இறங்கும் உப்புநீர்க் கால்வாய் அது. 2012 அக்டோபர் 29 இரவில் வந்த சாண்டி புயலில், புரூக்ளினின் ரெட் ஹுக் பொதுக் குடியிருப்பில் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்த கொதிகலன்களும் மின் சாதனங்களும் மூழ்கி, வாரக்கணக்கில் மக்கள் மின்சாரமும் வெப்பமும் இன்றித் தவித்தனர். முதியவர்கள் மாடிகளில் சிறைப்பட்டுக் கிடந்தனர். ஹன்டர்ஸ் பாயிண்ட் சவுத் பூங்கா இதற்குக் காட்டும் வழி கவனித்துப் பார்க்கத்தக்கது. நடுவில் பரந்த நீள்வட்டத் திடல், வெள்ளம் வரும்போது நீரை ஏந்திக்கொண்டு மெல்ல வடியவிடும்படி தாழ்வாக அமைக்கப்பட்டிருக்கிறது. 2018இல் திறக்கப்பட்ட தென்பகுதியில் கற்சுவரைத் தவிர்த்து, ஓதநீர் உள்ளே வந்து போகும் உவர்நிலச் சதுப்பில் கோரைப் புற்கள் நடப்பட்டிருக்கின்றன. எனவே கரையில் வீடே கூடாது என்பது முடிவாகாது. மின் அறையும் கொதிகலனும் மேல்தளத்துக்குப் போக வேண்டும், தரைத்தளத்தில் எவரும் உறங்கக் கூடாது, வெள்ளக் காப்பீட்டின் உயர்ந்துவரும் கட்டணத்தை வாடகையில் ஏற்றாமல் குத்தகைத் தொகையில் கழிக்க வேண்டும் என்பவை முடிவாக வேண்டும். கடைசி நிபந்தனை மிக முக்கியம், ஏனெனில் நிலத்தின் அபாயத்தைச் சுமக்க வேண்டியவர் நிலத்தின் உரிமையாளரே.

44ஆம் டிரைவ் மனைகளுக்கான கட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் அறிவிப்பில், கூடுதல் விலை தருபவருக்கு முன்னுரிமை என்ற வழக்கமான வரி இடம்பெறக் கூடாது. எத்தனை வீடுகள், எந்தச் சம்பளத்தாருக்கு, எவ்வளவு வாடகைக்கு என்பதில் போட்டி நடக்கட்டும். குத்தகைக் காலம் முழுவதற்கும் வாடகை வரம்பு பொருந்த வேண்டும். கடனை முன்கூட்டியே தீர்த்தாலும், கட்டடம் கைமாறினாலும், அந்த வரம்பு நிலத்தோடு சேர்ந்தே போகும் என்று பத்திரத்தில் பதிய வேண்டும். மீறினால் கட்டடமும் நகராட்சிக்கே திரும்ப வேண்டும். குத்தகை முடிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே புதுப்பித்தல் பேச்சைத் தொடங்கக் கட்டாயப்படுத்தும் பிரிவு ஒன்றும், அந்தப் பேச்சில் குடியிருப்போரின் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கும் பிரிவு ஒன்றும் இப்போதே எழுதப்பட வேண்டும்.