பழசெல்லாம் வேண்டாததா?

பரணைச் சுத்தம் செய்கிற நாளில் வீட்டில் நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியாததல்ல, சகோதரிகளே! "எல்லாம் பழசு, எடுத்துப் போடு" என்பார் ஒருவர். "ஐயையோ, அதிலேதான் பாட்டி எழுதிய கடிதம் இருக்கிறது!" என்று பதறுவார் இன்னொருவர். பழசு வேறு, வேண்டாதது வேறு. மனிதர்களே அடிக்கடி மறந்துவிடுகிற இந்த வித்தியாசம் யந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு பரண் உண்டு. தான் செய்யும் காரியங்களை அது நாட்குறிப்பு மாதிரி எழுதிக்கொண்டே போகிறது. அதற்கு 'லாக்' என்று பெயர். முக்கியமான பைல்களுக்கு மறு பிரதி எடுத்து வைத்தால் அது 'பாக்கப்'. இரண்டையும் அப்படியே விட்டால் இடம் நிரம்பி வேலையே நின்றுவிடும். ஆகவே, "இத்தனை நாளைக்கு மேற்பட்டதை அழித்துவிடு" என்று ஒரு கட்டளை போட்டு வைக்கிறார்கள். பிறகு யாரும் சொல்லாமலே அது நடந்துகொண்டிருக்கும். வசதிதான். ஆனால் கட்டளை பிசகினால்?

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரில், 10 நாளைக்கு மேற்பட்ட லாக்குகளை அழிக்க ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, கம்ப்யூட்டரை அளித்த நிறுவனத்தார் திருத்திய புரோகிராமை அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். யந்திரம் பாதியிலிருந்து புதியதைப் படிக்கத் தொடங்கியது. 'எந்த இடத்தில் அழிப்பது' என்று சொல்லும் பெயர் அதற்குக் கிடைக்கவில்லை, வெறுமையாக இருந்தது. கட்டளை மட்டும் நின்றதா? இல்லை! ஆராய்ச்சியாளர்களின் கிடங்கிலே புகுந்து, பல நாட்களாகக் கைபடாத பைல்களை எல்லாம் துடைத்துவிட்டது. சுமார் 3 கோடியே 40 லட்சம் பைல்கள்! 14 ஆராய்ச்சிக் குழுக்களுக்கு நஷ்டம். அவற்றில் 4 குழுக்களின் பைல்களைப் பாக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. தவறு முழுவதும் தங்களுடையதே என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு என்ன? போனது போனதுதான்.

இன்னோர் ஆபத்து சத்தமில்லாமல் வருவது. ஏதோ காரணத்தால் புதிய பாக்கப் எடுப்பது நின்றுபோகிறது. பழையதை அழிக்கும் வேலை மட்டும் தவறாமல் நடக்கிறது. 10 நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே மிச்சமில்லை. உலை வைக்க மறந்துவிட்டு, பழைய சோற்றையும் கொட்டிவிட்ட கதைதான்!

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கல்யாணப் போட்டோக்கள், வரவு செலவுக் கணக்கு எல்லாம் இருக்குமே? அதைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையையோ பெண்ணையோ கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

"எந்த இடத்தில் அழிக்கச் சொல்லியிருக்கிறாய்? அந்த இடத்தின் பெயர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடுமா?"

"எத்தனை நாளானாலும் கடைசி மூன்று பிரதிகளைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாயா?"

"எதெல்லாம் அழியப் போகிறது என்று முதலில் பட்டியல் போட்டுப் பார்த்தாயா?"

அதோடு, மாதம் ஒரு முறை பாக்கப்பிலிருந்து ஒரு போட்டோவையாவது திறந்து பாருங்கள். ஊறுகாய் ஜாடியை அவ்வப்போது திறந்து பார்ப்பதில்லையா? அதே மாதிரிதான். திறக்கிற போட்டோ பாட்டியுடையதாக இருந்தால் இன்னும் நல்லது!