சிலை வேண்டாம், ஒரு சொற்பொழிவு போதும்!



நம் பாலிடெக்னிக்கில் ஆண்டு விழா உண்டு, விளையாட்டு விழா உண்டு, ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை உண்டு. ஆனால் ஓர் அறிஞரின் பெயரைச் சொல்லி, வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஒரு விஷயத்தை முழுசாகக் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை. அந்த வழக்கத்தை நம் மாணவர் பேரவை தொடங்க வேண்டும். நீர்ச் சட்டங்களை ஆராய்ந்த ராமசாமி ஆர். ஐயர் பெயரால் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

"யாருப்பா அவரு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.

மத்திய அரசின் நீர்வளத்துறைச் செயலாளராக இருந்தவர். 1987-ல் வந்த இந்தியாவின் முதல் தேசிய நீர்க் கொள்கையை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது. பதவியை விட்ட பிறகு பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. டில்லியில் கொள்கை ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்து படித்தார், எழுதினார். சர்தார் சரோவர் அணைப் பிரச்சினையை ஆராய 1993-ல் மத்திய அரசு அமைத்த ஐவர் குழுவில் அவரும் ஒருவர். நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமியும் ஒருவர். இந்தியாவின் நீர்ச் சட்டங்களைப் பற்றி பலருடைய கட்டுரைகளைத் திரட்டி 2009-ல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். 2015-ல் மறைந்தார்.

இதில் என்னைக் கவர்ந்தது பதவி அல்ல. 1987 கொள்கையோடு நின்றுவிடாமல், 2011-ல் புதிதாக ஒரு மாற்றுக் கொள்கை நகலை எழுதி வெளியிட்டாரே, அந்தத் துணிச்சல்தான். அணை கட்டு, கால்வாய் வெட்டு, இன்னும் தண்ணீர் கொண்டு வா என்பது மட்டும் போதாது; இருக்கிற தண்ணீர் யாருக்கு, எவ்வளவு, எந்த நியாயத்தில் என்று கேட்க வேண்டும் என்றார். தண்ணீர் எல்லோருக்கும் பொது, அரசாங்கம்கூட அதற்கு உரிமையாளர் இல்லை, காவலர் மட்டுமே என்பது அவர் கட்சி.

"சரிப்பா, இதெல்லாம் வக்கீல் சமாச்சாரம். டிப்ளமோ சிவில் படிக்கிற நமக்கு என்ன?" என்பீர்கள். நமக்குத்தான் எல்லாமே!

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். எங்கள் தோட்டத்துக் கிணறு தாத்தா காலத்தில் வெட்டியது. பக்கத்துத் தோட்டத்தில் 900 அடிக்கு போர் போட்டார்கள். அடுத்த கோடையில் எங்கள் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. "அவிங்க நிலத்துல அவிங்க போடறாங்க, நாம என்னத்தக் கேக்கறது கண்ணு?" என்றார் அப்பா. அப்பா சொன்னது வெறும் விரக்தி இல்லை, சட்டமே அதுதான். 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் ஊறுகிற தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. மாட்டை வைத்துக் கவலை இறைத்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ரிக் வண்டி வந்த பிறகு பொருந்துமா? நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2013-ல் அதையே ரத்து செய்துவிட்டார்கள். ஐயர் தலைமையிலான குழு 2011-ல் தயாரித்த தேசிய நீர்ச் சட்ட வரைவும் இன்று வரை சட்டமாகவில்லை. நிலம் இல்லாதவன் வீட்டுக் குடத்துக்கு எந்தத் தண்ணீர் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அடுத்து காவிரியைப் பாருங்கள். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டின் பங்கு 419 டி.எம்.சி. என்பது 404.25 ஆனது. பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 192-லிருந்து 177.25 ஆனது. இந்த எண்களைச் சொல்வது நீதிபதி. ஆனால் ஆற்றங்கரையில் நின்று ஓடுகிற தண்ணீரை அளப்பது யார்? நம்மைப் போல் படித்த ஆள்தான்! நாம் எழுதுகிற அளவுதான் நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி. எம்-புக்கில் கையெழுத்துப் போடப் போகிற நாம், அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த ஊரின் வயல் இருக்கிறது என்று தெரியாமல் போட்டால் சரியா?

நினைவுச் சொற்பொழிவு என்றதும் சால்வை, மாலை, பத்துப் பேர் வாழ்த்துரை, கடைசியில் நன்றியுரைக்குள் பாதி ஹால் காலி என்று பயப்பட வேண்டாம். என் யோசனை இதுதான்.

பேச்சு தமிழில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பேச்சு, ஒரு மணி நேரம் கேள்வி. சால்வைக் காசில் பேச்சைச் சிறு புத்தகமாக அச்சடித்து நூலகத்தில் வைக்க வேண்டும். ஒரு வருஷம் சட்டப் பேராசிரியர் வரட்டும். மறு வருஷம் ஏரி மடை திறக்கும் நீர்க்கட்டி வரட்டும். அதற்கடுத்த வருஷம் கடைமடை விவசாயி வரட்டும். மூவருக்கும் ஒரே மேடை, ஒரே நாற்காலி. தண்ணீர்ப் பங்கீடு பற்றி நீர்க்கட்டிக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இல்லை.

"அவருக்கும் நம்ம காலேஜுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறவர்களுக்குத்தான் விழா எடுக்க வேண்டும் என்றால், நாம் நம் கரஸ்பாண்டண்டைத் தவிர வேறு யாரையும் கொண்டாட முடியாது! அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. நதிகளை இணைப்பதை அவர் எதிர்த்தார். கடலுக்குப் போகும் நீரை வீண் என்று சொல்லக்கூடாது என்றார். நம் வகுப்பில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நல்லது. எழுந்து நின்று கேள்வி கேட்கத்தானே அந்த இரண்டாவது மணி நேரம்!

சிலைக்குக் காசு வேண்டும், இடம் வேண்டும், காக்கையை விரட்ட ஆள் வேண்டும். இதற்கு ஒரு ஹால், ஒரு மைக், ஐம்பது பேர் போதும். பேரவையின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஜூனியர் தம்பி தங்கைகளே, நாங்கள் இந்த வருஷத்தோடு போகிறோம். முதல் கூட்டத்தை நடத்தப் போவது நீங்கள்தான். தேதி குறித்ததும் ஒரு கார்டு போடுங்கள். எந்த சைட்டில் இருந்தாலும் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவேன்.